படத்தில் விழுந்த அந்த ஒளி எது?

2012 ஆகஸ்டு முதல் 2013 பிப்ரவரி வரை லடாக் எல்லையில், ஓர் ஏரிக்கு மேலே அடையாளம் தெரியாத ஒளிகள் தெரிவதாக இந்திய ராணுவ வீரர்கள் குறித்துக்கொண்டே வந்தார்கள். மொத்தம் 329 முறை. அவற்றில் 155 முறை அந்த ஒளிகள் சீனாவுடனான மெய்யான கட்டுப்பாட்டுக் கோட்டைத் தாண்டி வந்ததாகக் கணக்கு. சீனாவின் உளவு டிரோன்கள் என்ற சந்தேகம் வலுத்தது. கடைசியில் பெங்களூரில் உள்ள இந்திய வானியற்பியல் நிறுவனத்திடம் விஷயம் வந்து சேர்ந்தது. விண்மீன்களை ஒட்டி அந்த ஒளிகள் எப்படி இடம் மாறுகின்றன என்று குறித்துப் பார்த்ததும் விடை கிடைத்தது. ஒன்று வெள்ளி, இன்னொன்று வியாழன்.

வீரர்கள் மேல் குறை சொல்ல எதுவும் இல்லை. அந்த மாதங்களில் வெள்ளி விடியற்காலையில் கிழக்கே எரிந்துகொண்டிருந்தது. வியாழன் ரோகிணிக்குப் பக்கத்தில் இரவெல்லாம் நின்றது. லடாக்கின் மெல்லிய, தூசியற்ற காற்றில் இரண்டும் நாம் சமவெளியில் பார்ப்பதைவிடக் கூர்மையாகத் தெரியும். அடிப்படைச் சிக்கல் வேறு. இரவு வானத்தில் ஓர் ஒளிப்புள்ளியைப் பார்க்கும்போது அது எவ்வளவு தூரத்தில் இருக்கிறது என்று கண்ணால் சொல்லவே முடியாது. மூன்று கிலோமீட்டரில் பறக்கும் டிரோனும் அறுபது கோடி கிலோமீட்டருக்கு அப்பால் இருக்கும் வியாழனும் ஒரே மாதிரியான புள்ளிகள்தான். கேமராவுக்கும் இதே கதிதான்.

இப்போது எல்லோர் கையிலும் இரவு வானத்தைப் படம் எடுக்கக்கூடிய கருவி இருக்கிறது. ஒரு முக்காலி, பத்து நொடி எக்ஸ்போஷர், மொட்டை மாடி போதும். படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தால் கண்ணுக்குத் தெரியாத ஒன்று நிச்சயம் இருக்கும்: ஒரு கோடு, ஒரு பச்சை வட்டம், இல்லாத இடத்தில் ஒரு விண்மீன். உடனே அந்த இடத்தை மட்டும் வெட்டியெடுத்து, வெளிச்சத்தைக் கூட்டி, அம்புக்குறி போட்டு நண்பர்களுக்கு அனுப்பி "இது என்ன?" என்று கேட்கிறார்கள். கேள்வி நல்ல கேள்வி. ஆனால் வெட்டியெடுத்த அந்தத் துண்டில் பெரும்பாலும் பதில் இருக்காது. பதில் வெட்டி எறிந்த பகுதியில் இருக்கிறது. அதற்கு முன்னும் பின்னும் எடுத்த படங்களில் இருக்கிறது. கேமராவின் கடிகாரத்தில் இருக்கிறது. அந்தப் புள்ளியை எத்தனை மடங்கு பெரிதாக்கினாலும் இவை கிடைக்கப்போவதில்லை.

முதலில் கேட்கவேண்டியது, அந்தப் பொருள் வானத்தில் இருந்ததா, கேமராவுக்குள் இருந்ததா என்பதுதான். இதைத் தாண்டாமல் அடுத்த கேள்விக்குப் போகக் கூடாது. மர்மப் படங்களில் பெரும்பங்கு இந்த வாசலிலேயே முடிந்துவிடுகிறது.

ஓர் உதாரணத்தைப் பொறுமையாகப் பார்ப்போம். படத்தின் கீழ் இடது மூலையில் ஒரு தெருவிளக்கு. மேல் வலது பக்கம், மேகங்களுக்கு நடுவே, மங்கலான பச்சை நிற வட்டம் மிதக்கிறது. எடுத்தபோது கண்ணுக்கு அது தெரியவில்லை. வெட்டாத அசல் படத்தைத் திறந்து, மூலைக்கு மூலை இரண்டு குறுக்குக்கோடு போட்டு நடுப்புள்ளியைக் கண்டுபிடியுங்கள். தெருவிளக்கிலிருந்து அந்த நடுப்புள்ளி வழியாக ஒரு நேர்கோடு இழுத்து, அதே தூரம் மறுபக்கம் நீட்டுங்கள். கோட்டின் முனை அந்தப் பச்சை வட்டத்தில் போய் விழுந்தால், அது விளக்கின் பொய்ப்பிம்பம். விளக்கொளி சென்சாரின் கண்ணாடியில் பட்டுத் திரும்பி, லென்ஸின் முன்னால் மாட்டியிருக்கும் பாதுகாப்பு ஃபில்டரிலோ உள்ளே உள்ள ஒரு கண்ணாடிப் பரப்பிலோ மோதி மறுபடியும் சென்சாருக்கு வருகிறது. வரும்போது தலைகீழாகத் திரும்பியிருக்கும். அதனால்தான் நடுப்புள்ளிக்கு நேர் எதிரே விழுகிறது. வரிசையாக ஐந்து விளக்குகள் இருந்தால் எதிர்ப்பக்கத்தில் ஐந்து புள்ளிகளும் தலைகீழ் வரிசையில் நிற்கும். "வானத்தில் அணிவகுத்து வந்த பறக்கும் பொருட்கள்" என்று பரவும் படங்கள் பலவற்றின் கதை இதுதான். முழுநிலவுக்கு அருகே "இரண்டாவது நிலா" தெரிவதாக வரும் படங்களும் இதே வகை. பச்சை, ஊதா நிறங்கள் லென்ஸின் மேல் பூசிய பிரதிபலிப்புத் தடுப்புப் பூச்சிலிருந்து வருபவை.

இந்தச் சோதனை வெட்டாத படத்தில்தான் செல்லும். வெட்டினால் நடுப்புள்ளி இடம் மாறிவிடும், கணக்கும் தவறிவிடும். படம் எடுக்கும் இடத்திலேயே சந்தேகம் வந்தால் இன்னும் எளிது. கேமராவைச் சற்றே இடப்பக்கம் திருப்பி இன்னொரு படம் எடுத்தால், வானத்தில் உள்ள பொருள் விண்மீன்களோடு சேர்ந்து நகரும். பொய்ப்பிம்பம் விளக்குக்கு எதிர்த்திசையில் நகரும்.

சென்சாரில் சில பிக்சல்கள் ஒளி படாமலேயே ஒளிர்வதும் உண்டு. வெப்பம் ஏற ஏற இவை பெருகும். மே மாத இரவில் அரை மணி நேரம் தொடர்ந்து படம் எடுத்தால் சிவப்பு, நீலப் புள்ளிகள் படம் முழுக்கச் சிதறிக் கிடக்கும். லென்ஸ் மூடியைப் போட்டுவிட்டு, அதே எக்ஸ்போஷர் நேரத்தில் ஒரு படம் எடுத்தால் அதே பிக்சல்கள் இருட்டிலும் மின்னும். பல படங்களை விண்மீன்களை வைத்து ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கும்போது இந்தப் புள்ளிகள் சின்னச் சின்னக் கோடுகளாக நீளும். எல்லாக் கோடுகளும் ஒரே திசையில், ஒரே நீளத்தில் இருந்தால் சந்தேகமே வேண்டாம். விண்வெளியிலிருந்து வரும் காஸ்மிக் கதிர்களின் விளைவான மியூவான் துகள்கள் சென்சாரைத் தாக்கினாலும் ஒரு படத்தில் மட்டும் ஒரு புள்ளி பளிச்சிடும். ஆனால் அது ஒன்றிரண்டு பிக்சல்களில் கத்தரித்ததுபோல் கூர்மையாக இருக்கும். லென்ஸ் வழியாக, காற்றின் வழியாக வந்த உண்மையான விண்மீன் ஒளி அப்படி இருக்க முடியாது. விளிம்பு மெல்லக் கரையும்.

கைபேசியின் இரவுப் பயன்முறையைத் தனியாகச் சொல்லவேண்டும். அது ஒரே படம் அல்ல. பல குறும்படங்களை எடுத்து, தானே ஒழுங்குபடுத்தி, கலந்து, கூர்மையாக்கித் தருகிறது. ஒரு விமானம் அதில் இரண்டு மூன்று துண்டுகளாகத் தெரியலாம். செயற்கைக்கோளின் கோடு விட்டுவிட்டுத் தெரியலாம். அந்தத் துண்டுகளின் வடிவத்தை வைத்து எந்த முடிவுக்கும் வர முடியாது.

கேமராவில் பிழை இல்லை, ஒளி வானத்தில்தான் இருந்தது என்றால், அடுத்து அது நகர்ந்ததா என்று பார்க்கவேண்டும். இங்கே கொஞ்சம் கணக்கு உதவும்.

சர்வதேச விண்வெளி நிலையம் சுமார் 420 கிலோமீட்டர் உயரத்தில் நொடிக்கு ஏறத்தாழ 7.7 கிலோமீட்டர் வேகத்தில் போகிறது. தலைக்கு நேர் மேலே வரும்போது நொடிக்கு ஏறத்தாழ 1 டிகிரி நகரும். பத்து நொடி எக்ஸ்போஷரில் 10 டிகிரி நீளக் கோடு விழும். 550 கிலோமீட்டர் உயரத்தில் போகும் ஸ்டார்லிங்க் செயற்கைக்கோள் அதே பத்து நொடியில் 8 டிகிரி போகும். விண்மீன்களோ பூமி சுழல்வதால் ஒரு மணி நேரத்துக்கு 15 டிகிரிதான் நகர்கின்றன. பத்து நொடியில் அது புலப்படாத அளவு. எரிகல் ஏறத்தாழ 100 கிலோமீட்டர் உயரத்தில், நொடிக்கு 11 முதல் 72 கிலோமீட்டர் வேகத்தில் எரிந்து அரை நொடியில் மறைந்துவிடும். எனவே தொடர்ச்சியாக எடுத்த படங்களில் ஒரே ஒரு படத்தில் மட்டும் கோடு இருந்தால் அது பெரும்பாலும் எரிகல். அடுத்தடுத்த மூன்று நான்கு படங்களில் கோடு தொடர்ந்து முன்னேறினால் செயற்கைக்கோள் அல்லது விமானம். எரிகல்லின் கோடு மெல்லியதாகத் தொடங்கி, நடுவில் தடித்து, மறுபடியும் ஒடுங்கும். பச்சையில் தொடங்கிச் சிவப்பில் முடிவதும் உண்டு. செயற்கைக்கோளின் கோடு ஒரே தடிமனில் வந்து, ஷட்டர் மூடிய இடத்தில் சட்டென்று வெட்டுப்படும்.

விமானத்தை வேகத்தால் பிரிக்க முடியாது. பத்துக் கிலோமீட்டர் உயரத்தில் பறக்கும் பயணிகள் விமானமும் தலைக்கு மேலே நொடிக்கு ஒன்று, ஒன்றரை டிகிரிதான் நகர்கிறது. அதன் விளக்குகள்தான் காட்டிக்கொடுக்கும். இடது இறக்கை நுனியில் சிவப்பு, வலது நுனியில் பச்சை, சீரான இடைவெளியில் வெட்டும் வெள்ளை விளக்கு. படத்தில் அது புள்ளிபுள்ளியாக, இரண்டு மூன்று இணைகோடுகளாக விழும். விமானம் நேராக நம்மை நோக்கி வந்தால்தான் தொல்லை. தரையிறங்கும் விளக்கைப் போட்டுக்கொண்டு மீனம்பாக்கத்தை நோக்கி இறங்கும் விமானம் சில நிமிடங்களுக்கு அசையாத பிரகாசமான விண்மீன்போலவே நிற்கும். ஒரு படத்தை மட்டும் பார்த்தால் ஏமாந்துதான் போவோம். ஐந்து நிமிடம் கழித்து எடுத்த படம் இருந்தால் ஏமாற வேண்டியதில்லை.

செயற்கைக்கோள்களுக்கு வருவோம். அவற்றுக்குச் சொந்த ஒளி இல்லை. சூரிய ஒளி பட்டால்தான் தெரியும். தரையில் இருட்டி, அவை இருக்கும் உயரத்தில் இன்னும் வெயில் அடிக்கும் நேரத்தில்தான் படத்தில் விழும். 550 கிலோமீட்டர் உயரத்தில் தலைக்கு நேரே இருக்கும் செயற்கைக்கோளைப் பூமியின் நிழல் மூடவேண்டுமானால் சூரியன் அடிவானத்துக்குக் கீழே சுமார் 23 டிகிரி இறங்கவேண்டும். நிலநடுக்கோட்டுக்கு அருகே இருக்கும் நமக்குச் சூரியன் ஏறக்குறையச் செங்குத்தாக இறங்குவதால், அஸ்தமனத்துக்குப் பிறகு ஏறத்தாழ ஒன்றரை மணி நேரத்தில் அந்த நிலை வந்துவிடும். மதுரையிலோ யாழ்ப்பாணத்திலோ மாலை ஏழு மணிக்கு எடுத்த படத்தில் கோடு இருந்தால் வியப்பில்லை. நள்ளிரவில் உச்சியில் ஒரு கோடு விழுந்திருந்தால் தாழ்வான செயற்கைக்கோள் என்று எளிதில் சொல்லிவிட முடியாது. விமானத்தையோ, மிக உயரத்தில் சுற்றும் பொருளையோ தேடவேண்டும். ஜூன் மாதத்தில் லண்டனில் இந்த விதி வேறு. அங்கே சூரியன் அவ்வளவு ஆழம் இறங்குவதேயில்லை, தலைக்கு மேலே இரவு முழுவதும் செயற்கைக்கோள்கள் தெரியும். ஐரோப்பாவில் எழுதிய வழிகாட்டிகளை அப்படியே நம் ஊருக்கு எடுத்துக்கொள்ளக் கூடாது என்பதற்கு இது ஒரு காரணம்.

2019 மே மாதம் ஸ்டார்லிங்கின் முதல் 60 செயற்கைக்கோள்கள் ஒரே ராக்கெட்டில் ஏவப்பட்டன. அடுத்த இரவே நெதர்லாந்தின் லைடன் நகரில் மார்கோ லாங்புரூக் என்ற செயற்கைக்கோள் கண்காணிப்பாளர் அவற்றைக் காணொளி எடுத்தார். அவர் எதேச்சையாக அங்கே நிற்கவில்லை. பாதையை முன்கூட்டியே கணக்கிட்டு, கேமராவை வைத்துக் காத்திருந்தார். ஏவிய சில நாட்களுக்கு அவை நூலில் கோத்த மணிகள்போல வரிசையாகப் போகும். பிறகு உயரம் ஏறி ஒன்றைவிட்டு ஒன்று விலகிவிடும். இன்று அந்தக் கூட்டம் ஏழாயிரத்தைத் தாண்டிவிட்டது. மாலைநேரப் படங்களில் கோடு இல்லாமல் எடுப்பதுதான் கடினம்.

நகராமலேயே ஏமாற்றும் செயற்கைக்கோள்களும் உண்டு. நிலநடுக்கோட்டுக்கு மேலே 35,786 கிலோமீட்டரில் சுற்றும் தொலைத்தொடர்புச் செயற்கைக்கோள்கள் பூமியோடு சேர்ந்தே சுழல்கின்றன. முக்காலியில் வைத்து நீண்ட நேரம் எடுத்த படத்தில் விண்மீன்கள் எல்லாம் கோடாக நீள, இவை மட்டும் புள்ளியாக நிற்கும். விண்மீன்களைத் தொடர்ந்து திரும்பும் தாங்கியில் கேமராவை வைத்தால் எல்லாம் தலைகீழ்: விண்மீன்கள் புள்ளி, இவை கோடு. ஐந்து நிமிட எக்ஸ்போஷரில் கோட்டின் நீளம் ஒன்றேகால் டிகிரி, கிழக்கு மேற்காக. தமிழ்நாட்டிலிருந்து பார்க்கும்போது இந்தச் செயற்கைக்கோள் வளையம் வான நடுக்கோட்டுக்கு (பூமியின் நிலநடுக்கோட்டை வானம்வரை நீட்டினால் வரும் கோடு) சுமார் 2 டிகிரி தெற்கே ஓடுகிறது. ஓரியன் விண்மீன் கூட்டத்தின் இடைக்கச்சையில் கீழே இருக்கும் அல்னிடாக் விண்மீனும் அதன் அருகே உள்ள குதிரைத்தலை நெபுலா என்ற வாயு, தூசி மேகமும் ஏறக்குறைய அதே இடத்தில்தான் இருக்கின்றன. டிசம்பர், ஜனவரியில் குதிரைத்தலையைப் படம் எடுக்கும் நம் ஆர்வலர்களின் படங்களில் கிழக்கு மேற்காக மெல்லிய கோடுகள் வருவதன் ரகசியம் இது. வடக்கே 35 டிகிரி அட்சரேகையில் இருப்பவருக்கு அதே கோடுகள் ஓரியன் நெபுலாவின் குறுக்கே விழும்.

செயற்கைக்கோள் எது என்று பெயரோடு கண்டுபிடிக்க ஹெவன்ஸ்-அபவ் போன்ற தளங்களும் ஸ்டெல்லேரியம் போன்ற மென்பொருள்களும் இருக்கின்றன. விமானமென்றால் ஃபிளைட்ரேடார்24. இவற்றையெல்லாம் பயன்படுத்த நேரம் சரியாகத் தெரியவேண்டும். நொடிக்கு 1 டிகிரி நகரும் பொருளுக்குக் கேமராக் கடிகாரம் ஒரு நிமிடம் பிசகினால் கணக்கில் 60 டிகிரி பிசகிவிடும், அதாவது வானத்தின் இன்னொரு பக்கம். பலருடைய கேமராவில் கடிகாரம் நாலைந்து நிமிடம் பிந்தியோ முந்தியோ ஓடுகிறது. வாங்கிய நாளில் வைத்த வெளிநாட்டு நேரத்தை மாற்றாதவர்களும் உண்டு. இரவில் வேலையைத் தொடங்குமுன் கைபேசியில் நொடிமுள் ஓடும் கடிகாரத்தை ஒருமுறை படம் எடுத்து வைத்தால் பிசகு எவ்வளவு என்று பிற்பாடு கழித்துக்கொள்ளலாம். செயற்கைக்கோள்களின் பாதைத் தரவும் நாள்பட்டால் பிசகும். மூன்று மாதத்துக்கு முந்திய படத்துக்கு இன்றைய தரவைப் போட்டுப் பார்த்து "எதுவும் பொருந்தவில்லை" என்று சொல்வது சரியல்ல. அந்தத் தேதியின் தரவுதான் வேண்டும்.

இந்தச் சோதனை எவ்வளவு முக்கியம் என்பதற்குக் கனடாவில் நடந்தது நல்ல சான்று. 1980களின் நடுவில் ஒன்டாரியோ மாகாணத்தில் எரிகல் கவனிக்கும் ஆர்வலர்கள் சிலர், மேஷம், பெர்சியஸ் ஆகிய விண்மீன் கூட்டங்களின் எல்லையில் திரும்பத் திரும்பக் கணநேர மின்னல்களைக் கண்டார்கள். 1985 மார்ச் 19 அன்று ஒரு மின்னல் ஒளிப்படத்திலும் விழுந்தது. அவர்களோ தேர்ந்த கண்காணிப்பாளர்கள், விளையாட்டுக்குச் சொல்லவில்லை. காமாக் கதிர் வெடிப்பின் (தொலைதூர விண்வெளியில் சிறிது நேரமே நிகழும் மிகப் பெரிய வெடிப்பு) கண்ணுக்குத் தெரியும் ஒளியாக இருக்கலாமோ என்ற எதிர்பார்ப்பு கிளம்பியது. பில் கட்ஸும் சக ஆர்வலர்களும் எழுதிய ஆய்வுக் கட்டுரை 1986இல் அஸ்ட்ரோபிசிக்கல் ஜர்னலில் வந்தது. தொழில்முறை வானியலாளர்கள் அந்த இடத்தைக் கண்காணித்தார்கள், ஒன்றும் கிடைக்கவில்லை. 1987இல் பால் மேலி என்பவர் அந்த ஒளிப்படம் எடுத்த இடம், நேரம் இரண்டையும் செயற்கைக்கோள் பாதைகளோடு ஒப்பிட்டார். அந்தக் கணத்தில் காஸ்மோஸ் 1400 என்ற சோவியத் செயற்கைக்கோள் அதே திசையில் இருந்தது. அதன் தட்டையான ஒரு பரப்பில் பட்டுத் தெறித்த வெயில்தான் அந்த மின்னல். கனடா ஆர்வலர்கள் எனக்கு மதிப்புக்குரியவர்கள். இடத்தையும் நேரத்தையும் அவர்கள் அவ்வளவு துல்லியமாகப் பதிந்து வைத்ததால்தான் இன்னொருவரால் விடையைக் கண்டுபிடிக்க முடிந்தது.

உலகின் மிகப் பெரிய தொலைநோக்கிகளும் இதற்கு விலக்கல்ல. 2017 ஏப்ரலில் ஹவாயின் கெக் தொலைநோக்கியில் ஜிஎன்-இசட்11 என்ற மிகத் தொலைதூர விண்மீன் மண்டலத்தைப் பார்த்துக்கொண்டிருந்தபோது ஒரு மின்னல் பதிவானது. அந்த மண்டலத்திலேயே நடந்த காமாக் கதிர் வெடிப்பாக இருக்கலாம் என்று 2020இல் கட்டுரை வந்தது. அடுத்த ஆண்டே வேறொரு குழு, அந்த நேரத்தில் ரஷ்யாவின் பிரீஸ்-எம் ராக்கெட் பாகம் ஒன்று அந்தத் திசையைக் கடந்ததைக் காட்டியது.

ராக்கெட்டுகளே நேரடியாக உண்டாக்கும் காட்சிகளும் உண்டு. அவை பெரியவை, ஊரே பார்க்கும், அதனால் விடையும் சீக்கிரம் கிடைக்கும். 2009 டிசம்பர் 9 அன்று நார்வே வானத்தில் தெரிந்த பிரம்மாண்டமான சுருள், வெண்கடலிலிருந்து ஏவிய ரஷ்யாவின் புலவா ஏவுகணை பழுதாகிச் சுழன்றதால் வந்தது. 2022 டிசம்பர் 15 மாலை மேற்கு வங்கத்தில் பலரும் படம் எடுத்த மர்ம ஒளி, அன்று ஒடிசா கடற்கரையில் சோதித்த அக்னி-5. அதே ஆண்டு ஏப்ரல் 2 அன்று மகாராஷ்டிரத்திலும் மத்தியப் பிரதேசத்திலும் நெருப்புப் பிழம்புகள் வரிசையாக வானத்தைக் கடந்தன. பார்த்தவர்கள் எரிகல் மழை என்றார்கள். ஆனால் எரிகல் அவ்வளவு நேரம் நிற்காது. மெதுவாக, துண்டு துண்டாக உடைந்து, வானத்தின் ஒரு முனையிலிருந்து மறுமுனைக்குப் போனால் அது சுற்றுப்பாதையிலிருந்து விழும் பொருள்தான். சீனாவின் லாங் மார்ச் 3பி ராக்கெட்டின் மூன்றாம் நிலை அது. சந்திரபூர் மாவட்டத்தில் ஒரு கிராமத்தில் பெரிய உலோக வளையமே விழுந்து கிடந்தது.

இனி, கேமராப் பிழையும் இல்லை, நகரவும் இல்லை, ஆனால் வரைபடத்தில் இல்லாத ஒரு புள்ளி. இங்கேதான் மனம் துள்ளும். இங்கேதான் நிதானமும் அதிகம் வேண்டும்.

முதலில் கோள்களைக் கழித்துவிட வேண்டும். 2018 மார்ச் 20 அன்று தனுசு ராசியில் லகூன், டிரிஃபிட் நெபுலாக்களுக்கு அருகே மிகப் பிரகாசமான புதிய ஒளி ஒன்று தோன்றியிருப்பதாகத் தென்னாப்பிரிக்காவிலிருந்து உலக வானியலாளர்களுக்கு அவசரச் செய்தி போனது. அனுப்பியவர் பல்கலைக்கழகப் பேராசிரியர். சிறிது நேரத்திலேயே அவரே திருத்தம் அனுப்பினார்: அது செவ்வாய். விண்மீன் வரைபடங்களில் கோள்கள் அச்சிடப்பட்டிருக்காது, ஏனென்றால் அவை ஓரிடத்தில் நிற்பதில்லை. பழைய படத்தோடு ஒப்பிடும்போது கோள் எப்போதுமே "புதிய விண்மீன்" ஆகத்தான் தெரியும்.

அடுத்து சிறுகோள்கள். ஒரு சிறுகோள் ஒரு மணி நேரத்தில் சற்றே நகரும். ஒரு படத்தில் தெரியாது, இரண்டில் தெரியும். இரண்டு படங்களை மாற்றி மாற்றிக் காட்டிப் பார்க்கும் முறையில்தான் கிளைட் டாம்பா 1930 பிப்ரவரி 18 அன்று புளூட்டோவைக் கண்டுபிடித்தார். ஜனவரி 23, 29 தேதிகளில் எடுத்த தகடுகள் அவை. நம் காவலூர் வானாய்வகத்தில் ஆர். ராஜமோகன் 1988 பிப்ரவரி 17 அன்று ஒரு புதிய சிறுகோளைக் கண்டறிந்தார். 4130 என்ற எண்ணோடு அது இன்று ராமானுஜன் என்று அழைக்கப்படுகிறது. அதற்கு நூறு ஆண்டுகளுக்கு மேல் முன்பு சென்னை வானாய்வகத்தில் என்.ஆர். போக்சன், ஒளிப்படமே இல்லாமல், கையால் வரைந்த விண்மீன் வரைபடங்களோடு வானத்தை ஒப்பிட்டே பல சிறுகோள்களைக் கண்டுபிடித்திருந்தார். 1861இல் அவர் கண்ட ஒன்றின் பெயர் ஏசியா. இன்று அந்த ஒப்பீட்டுக்கு ஒரு நிமிடம்கூட ஆகாது. அஸ்ட்ரோமெட்ரி.நெட் தளத்தில் படத்தை ஏற்றினால், விண்மீன்களின் அமைப்பை வைத்து அது வானத்தின் எந்தப் பகுதி, எந்தப் பிக்சலின் இடக்குறி என்ன என்று சொல்லிவிடும். அந்த இடக்குறியை மைனர் பிளானட் சென்டரின் பட்டியலில் தேடினால், அன்று அங்கே தெரிந்த சிறுகோள் ஏதும் இருந்ததா என்று தெரிந்துவிடும்.

நகரும் புள்ளியெல்லாம் சிறுகோளாகவும் இருப்பதில்லை. 2002 செப்டம்பர் 3 அன்று பில் யூங் என்ற வானியல் ஆர்வலர் கண்ட ஒரு பொருள் பூமியையே சுற்றிக்கொண்டிருந்தது. அதன் ஒளியை நிறம் பிரித்துப் பார்த்தபோது டைட்டானியம் கலந்த வெள்ளைப் பெயின்ட் தெரிந்தது. 1969 நவம்பரில் அப்போலோ 12 விண்கலத்தை நிலவுக்கு அனுப்பிய சாட்டர்ன் ராக்கெட்டின் மூன்றாம் நிலை, சூரியனைச் சுற்றிவிட்டுத் திரும்பி வந்திருந்தது.

எல்லாவற்றையும் கழித்த பிறகும் புள்ளி மிஞ்சினால்? அர்ஜென்டினாவின் ரொசாரியோ நகரில் விக்டர் பூசோவுக்கு அது நடந்தது. பூசோ பூட்டுச் சாவித் தொழிலாளி. வீட்டு மாடியில் தானே வானாய்வகம் கட்டியவர். 2016 செப்டம்பர் 20 இரவு தன் 40 சென்டிமீட்டர் தொலைநோக்கியில் ஒரு புதிய கேமராவைச் சோதித்துப் பார்க்க, என்ஜிசி 613 என்ற சுருள் மண்டலத்தைத் தேர்ந்தெடுத்தார். நகர வெளிச்சம் படத்தைக் கெடுக்காமல் இருக்க 20 நொடிக் குறும்படங்களாகத் தொடர்ந்து எடுத்தார். முதலில் எடுத்தவற்றில் எல்லாம் வழக்கம்போல இருந்தது. பிற்பாடு எடுத்தவற்றில், சுருளின் ஓரத்தில், முன்பு இல்லாத ஒரு சிறு புள்ளி. அடுத்தடுத்த படங்களில் அது பிரகாசமாகிக்கொண்டே போனது.

பூசோ கையில் இருந்தது ஒரே ஒரு படமாக இருந்திருந்தால் இந்த விஷயம் அங்கேயே முடிந்திருக்கும். மியூவான் தாக்கியதென்றோ சூடான பிக்சலென்றோ யாரும் ஒதுக்கியிருக்கலாம். வரிசையாகப் படங்கள் இருந்ததால் ஒவ்வொன்றையும் கழிக்க முடிந்தது. பல படங்களில் இருக்கிறது, எனவே மியூவான் அல்ல. விண்மீன்களோடு ஒட்டியே நிற்கிறது, எனவே சென்சாரின் பிழை அல்ல. இடம் மாறவில்லை, எனவே சிறுகோள் அல்ல. அவர் மற்ற ஆர்வலர்களைத் தொடர்புகொண்டு எச்சரிக்கை அனுப்பினார். பெரிய தொலைநோக்கிகள் அந்தத் திசைக்குத் திரும்பின. ஒரு விண்மீன் வெடித்துச் சூப்பர்நோவாவாகும்போது உள்ளிருந்து கிளம்பிய அதிர்வலை அதன் மேற்பரப்பைப் பிளந்து வெளியே வரும் முதல் கணங்களை அவர் பிடித்திருந்தார். வானியலாளர்கள் பல ஆண்டுகளாகத் தேடியது அது. மெலினா பெர்ஸ்டன் தலைமையில் எழுதிய கட்டுரை 2018 பிப்ரவரியில் நேச்சர் இதழில் வந்தது. அதில் பூசோவும் ஓர் ஆசிரியர். அந்தச் செய்தியைப் படித்த நாளில் எனக்கு ஏற்பட்ட மகிழ்ச்சி இன்னும் குறையவில்லை. அதிர்ஷ்டம் என்று சொல்வார்கள். முதலில் எடுத்த "ஒன்றுமில்லாத" படங்களை அழிக்காமல் வைத்திருந்ததும் அந்த அதிர்ஷ்டத்தில் சேர்த்தி. அவைதானே வெடிப்புக்கு முன் அங்கே ஒன்றும் இல்லை என்பதற்குச் சாட்சி.

இப்படி ஒன்றைச் சந்தேகிப்பவர் செய்யவேண்டியது அதிகமில்லை. அசல் கோப்பு, கடிகாரப் பிசகோடு கூடிய நேரம், எடுத்த ஊரின் அட்சரேகை தீர்க்கரேகை, லென்ஸின் குவியத்தூரம், எக்ஸ்போஷர் நேரம், முன்னும் பின்னும் எடுத்த படங்கள் எல்லாவற்றையும் சேர்த்து அனுபவமுள்ள ஒருவரிடம் கொடுக்கவேண்டும். சூப்பர்நோவா போன்ற புதிய ஒளிகளைச் சர்வதேச வானியல் ஒன்றியத்தின் டிரான்சியன்ட் நேம் சர்வரில் ஆர்வலர்களும் பதிவு செய்யலாம். அதற்கு முன்பே வேறு யாராவது அறிவித்திருக்கிறார்களா என்று அங்கேயே பார்த்துக்கொள்ளலாம். வாட்ஸ்அப்பில் அனுப்பிய படத்தை மட்டும் அனுப்ப வேண்டாம். அது படத்தைச் சுருக்கி, நேரத்தையும் மற்ற விவரங்களையும் துடைத்துவிடும்.

பட்டியலில் உள்ள எதுவும் பொருந்தாத சந்தர்ப்பங்களும் வருகின்றன. கனடாவின் ஆல்பர்ட்டாவில் துருவ ஒளியைப் படம் எடுக்கும் ஆர்வலர்கள் பல ஆண்டுகளாக ஊதா நிறத்தில் ஒரு மெல்லிய நாடாவை எடுத்து வந்தார்கள். அது புரோட்டான் வளைவு என்று அவர்களாக ஒரு பெயர் வைத்திருந்தார்கள். துருவ ஒளி ஆய்வாளர் எரிக் டொனோவன் அந்தப் படங்களைப் பார்த்துவிட்டு, புரோட்டான் துருவ ஒளி கண்ணுக்கு இப்படித் தெரியாது என்றார். அப்படியானால் அது என்ன என்று யாருக்கும் தெரியவில்லை. ஆர்வலர்கள் அதற்கு ஸ்டீவ் என்று பெயரிட்டார்கள். படங்களின் நேரத்தை வைத்துத் தேடியபோது, ஐரோப்பாவின் ஸ்வார்ம் செயற்கைக்கோள்களில் ஒன்று அதன் ஊடாகவே கடந்து போயிருந்தது தெரிந்தது. சுற்றுப்புறத்தைவிட மிகச் சூடான, மேற்கு நோக்கி விரைந்து பாயும் வாயு நாடா அது. 2018இல் அறிவியல் கட்டுரையாக வந்தது.

ஆண்ட்ரோமெடா மண்டலம் உலகிலேயே அதிகமாகப் படம் எடுக்கப்பட்டவற்றில் ஒன்று. 2022இல் பிரான்சில் யான் செயின்டி, ஆக்சிஜன் அணுக்களின் நீலப்பச்சை ஒளியை மட்டும் விடும் ஃபில்டரைப் போட்டும் அதைப் பல இரவுகள் படம் எடுத்தார். மண்டலத்துக்கு அருகே யாரும் பார்த்திராத, ஒன்றரை டிகிரி நீளமுள்ள மங்கலான வளைவு ஒன்று தெரிந்தது. அவரும் உடன் இருந்த மார்செல் டிரெக்ஸ்லர், சேவியர் ஸ்ட்ராட்னர் ஆகியோரும் முதலில் நம்பவில்லை. இவ்வளவு பேர் எடுத்த இடத்தில் இவ்வளவு பெரிய ஒன்று எப்படித் தப்பியிருக்கும்? ஃபில்டரின் பிரதிபலிப்போ, படத்தைச் செப்பனிட்டதில் வந்த கறையோ என்று பார்த்தார்கள். வேறு இடங்களில் வேறு தொலைநோக்கிகளில், வேறு ஃபில்டர்களில் எடுக்கச் சொன்னார்கள். எல்லாவற்றிலும் அதே இடத்தில் அதே வளைவு. 2023 ஜனவரியில் அறிவித்தார்கள். அதற்குப் பிறகு பல நாடுகளின் ஆர்வலர்கள் அதே வகை ஃபில்டரோடு எடுத்து அதைத் தங்கள் படங்களிலும் காட்டிவிட்டார்கள். அது ஆண்ட்ரோமெடாவை ஒட்டி இருக்கிறதா, நமது பால்வீதிக்குள்ளேயே முன்னால் நிற்கிறதா என்பதில்தான் ஆய்வாளர்களிடையே விவாதம்.